பெரட்டு நேரமும் சீனி வியாதியும்

தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரன் என்ற உத்தியோகத்தைப் பற்றி நகரவாசிகள் அதிகம் அறிந்திருக்க நியாயமில்லை. பிரித்தானியர் காலத்தில், 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டம் தோட்ட முதலாளிகளின் தலையில் சுமத்திய கடமைகளால் வலுப்பெற்ற இந்த உத்தியோகம், எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவை கம்பெனிகளின் நிர்வாகத்துக்குத் திரும்பியபோதும், மேலே இருக்கும் எசமானர்கள் மாறினரேயன்றித் தன் தன்மை மாறாமல் நீடித்து வந்தது. தோட்ட வைத்திய உதவியாளர் என்று கடிதங்களில் எழுதுவார்கள். லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழும் ஜனங்களுக்கோ அவர் டாக்டர் ஐயா. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருத்துவிச்சிக்குத் துணை நிற்பது, பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கொடுக்கும் கூட்டத்துக்கு, வராதவன் மெய்யாகவே நோயாளிதானா என்று துரைக்குச் சொல்லுவது, தம்மால் இயலாததைத் துண்டு எழுதிப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பது ஆகிய இத்தனையும் அந்த ஒரே ஆளின் வேலை. பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலும் பின்னர் ஹாலிஎலைக்கு மேலேயுள்ள மலைகளிலும் அந்த வேலையைப் பார்த்தே நரை கண்டவன் நான். மற்ற வியாதிகளையெல்லாம் விட்டுச் சீனி வியாதி ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுத முற்படுவதற்குக் காரணம் உண்டு. மற்ற வியாதிகளுக்கு மருந்து கொடுத்தால் போதுமாயிருந்தது. இந்த வியாதிக்கோ, அடுப்புப் பற்றவைக்கும் நேரத்திலிருந்து விளக்கணைக்கும் நேரம் வரையில், ஒரு தோட்டத் தொழிலாளியின் நாள் முழுவதையும் நான் பாடம் படிக்க வேண்டியதாயிற்று.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சீனி வியாதி என்பது பெரிய கிளாக்கருக்கும், பதுளை பஜாரில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முதலாளிமாருக்கும் உரிய வியாதி என்பதே பொதுவான அபிப்பிராயம். கொக்கிப் புழுவும் இரத்தச்சோகையும் வயிற்றோட்டமுமே லயத்துக்குரியவை என்றும், செங்குத்தான மலையில் தினமும் ஏறி இறங்கும் சரீரத்தில் இனிப்பு எப்படித் தங்கும் என்றும் படித்தவர்களே கேட்டார்கள். 1974ஐ அண்டிய பஞ்ச காலத்தை நினைவில் வைத்திருந்த எவருக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றும். அரிசியும் மாவும் சீனியும் கண்ணுக்கு அரிதாகி, தோட்டத்து ஜனங்கள் பசியால் மாண்ட வருஷங்கள் அவை. ஆயினும் அந்தப் பசியே பின்னாளைய வியாதிக்கு ஒரு விதையாக இருந்திருக்கக்கூடும் என்று எண்ணுவதற்கு இன்று இடமுண்டு. கருவில் போஷாக்குக் குன்றி, நிறை குறைந்து பிறந்த குழந்தையின் சரீரம் சொற்ப ஆகாரத்துக்கே பழகி அமைந்துவிடுவதால், பிற்காலத்தில் ஆகாரம் பெருகும்போது அதைத் தாங்கமாட்டாமல் நீரிழிவுக்கு ஆளாகிறது என்ற கொள்கையை ஹேல்ஸ், பார்க்கர் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் 1992இல் வெளியிட்டார்கள். நிறை குறைந்த பிறப்புக்கள் இலங்கையில் தோட்டப் பகுதியிலேயே மிகுதி என்பதை நினைக்குந்தோறும் அக்கொள்கை என் மனத்தை உறுத்தும். 2005-2006 காலப்பகுதியில் நடந்த தேசிய ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இவ்வியாதி உண்டு என்று காட்டியபோது, நாட்டின் ஏனைய பகுதியினர் திகைத்தார்கள். என் மருந்தகத்துப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருந்த எனக்குத் திகைப்பு உண்டாகவில்லை.

இரத்தத்தை ஒரு சொட்டு எடுத்து, விரலளவு யந்திரத்தில் வைத்து, கண்மூடித் திறப்பதற்குள் கணக்குப் பார்க்கும் வசதி அந்நாளில் கிடையாது. பெனடிக்ட் என்ற அமெரிக்க இரசாயனவாதி அமைத்த நீலத் திரவம் ஒன்று போத்தலில் இருக்கும். அதில் ஐந்து மில்லிலீற்றரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரத்தை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்துப் பார்ப்போம். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று நிறம் ஏற ஏறச் சீனியும் ஏறும். செங்கல் நிறமாகக் கலங்கி அடியில் படிந்தால் நிலைமை மிகவும் விபரீதம். சீனி வியாதி என்பது இன்னதென்று நான் எத்தனை விதமாக எடுத்துச் சொல்லியும் விளங்கிக்கொள்ளாத கவ்வாத்துக்காரர் ஒருவர், தம் குழாய் கண்ணெதிரே சிவப்பதைக் கண்டதும் வாயடைத்துப் போனார். ஆயினும் அந்தச் சோதனையின் எல்லையை நாங்கள் அறிந்திருக்க வேண்டியிருந்தது. இரத்தத்தில் சீனி 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினாலன்றிச் சிறுநீரகம் அதை வெளியே விடுவதில்லை. வெறும் வயிற்றில் 126ஐ எட்டினாலே வியாதி உண்டென்று கொள்வது இன்றைய பிரமாணம். ஆகவே நீல நிறம் கண்டு நிம்மதியோடு திரும்பிப் போன பலருடைய சரீரத்தில் வியாதி சத்தமின்றி வளர்ந்துகொண்டிருந்தது.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இக்காலத்துப் பரிசோதனைக்கும் தோட்டத்தில் ஒரு சங்கடம் உண்டு. இரும்புச் சத்துக் குறைந்த பெண்களிடத்தில் அந்தச் சராசரி மெய்யான நிலைமையைவிட உயர்ந்து காட்டக்கூடும். இரத்தச்சோகை மலிந்த ஓரிடத்தில், அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின்பே மருந்தைக் கூட்டவேண்டும்.

சீனி வியாதி என்று தெரிந்ததும் முதலில் பழி சுமப்பது தேத்தண்ணீர். தேயிலைத் தூள் தோட்டத்திலேயே கிடைக்கிறது. விடியற்காலைக் குளிருக்கு ஒரு கோப்பை, மலைக்குப் போத்தலில் கொஞ்சம், பகலில், கொழுந்து நிறுத்து வந்தபின், விருந்தாளி வந்தால், இராத்திரி ஆகாரத்துக்குப் பின் என்று ஆறு கோப்பைக்குக் குறையாது. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு அறுபது கிராம் சீனி உள்ளே போகிறது. சுகமாயிருக்கும் மனிதருக்கே சேர்க்கப்படும் சீனி ஐம்பது கிராமைத் தாண்டலாகாது, இருபத்தைந்துக்குள் நின்றால் இன்னும் உத்தமம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் விதித்த அளவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாலுக்குப் பதிலாக டின்பால் சேர்ப்பவர்களுக்கு, அந்த டின்னில் ஏறக்குறையப் பாதி சீனியே என்பதையும் சொல்லவேண்டியிருந்தது.

"வயித்துக்கு ஒண்ணும் இல்லாட்டியும் நாக்குக்காவது இனிப்பு வேணாமாங்க ஐயா?" என்று கொழுந்தெடுக்கும் அம்மாள் ஒருவர் ஒரு நாள் கேட்டார். அந்தக் கேள்விக்குச் சாஸ்திரத்தில் பதில் இல்லை. "ஒரேயடியா நிறுத்தச் சொல்லல்லம்மா. இந்த ரெண்டு வாரம் அரைக்கரண்டி கொறைங்க. நாக்குப் பழகினதும் இன்னும் அரைக்கரண்டி. இஞ்சியைத் தட்டிப் போட்டுப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவ்வாறு படிப்படியாகக் குறைத்தவர்களே நிலைத்து நின்றார்கள். வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தியவர்கள் மாதம் முடியுமுன் பழைய கணக்குக்கே திரும்பினார்கள். சீனியை விட்டுவிட்டேன் என்று பெருமையோடு வந்து, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடிப்பதாகச் சொன்னவர்களும் உண்டு. கருப்பட்டியும் பாணியும் தேனும் வாசனையில் உயர்ந்தவை. இரத்தத்தில் கலந்தபின் அவற்றின் நடத்தை சீனியின் நடத்தையே.

தேத்தண்ணீரைத் திருத்திய பிறகும் பலருடைய கணக்கு இறங்கவில்லை. அப்போதுதான் ரொட்டியின் பக்கம் என் கவனம் திரும்பியது. நூறு கிராம் கோதுமை மாவில் எழுபத்தைந்து கிராம் அளவுக்கு மாச்சத்து இருக்கிறது; அது குடலில் முழுவதும் சீனியாகவே மாறுகிறது. காலையில் கட்டிக்கொண்டு போகும் கனத்த ரொட்டிகளிலேயே இருநூறு கிராம் மாவு செலவாகிறதென்றால், அதற்குமுன் ஆறு கோப்பைத் தேத்தண்ணீரின் சீனி சொற்பமே. ஆயினும் ரொட்டியைக் குறை சொல்லுவது சுலபமன்று. விடியுமுன் விறகடுப்பில், ஒற்றைக் காம்பராவில், பிள்ளைகளை எழுப்பிக்கொண்டே சமைக்கவேண்டிய ஒரு பெண்ணுக்கு, விரைவில் வெந்து, மலையில் கையில் பிடித்துத் தின்னக்கூடியதாய், மாலைவரை பசி தாங்கக்கூடியதாய் வேறு என்ன ஆகாரம் இருக்கிறது? ஆதலால் ரொட்டியை விலக்கும்படி நான் உபதேசிக்கவில்லை. மாவில் பாதியளவுக்கு முருங்கைக் கீரையோ வல்லாரையோ அரிந்து சேர்க்கவும், தேங்காய்ப்பூவைக் குறைக்காமல் ரொட்டியின் தடிப்பைக் குறைக்கவும், சம்பலோடு மட்டும் நில்லாமல் அவித்த கடலையோ கௌபியோ ஒரு கைப்பிடி கட்டிக்கொண்டு போகவும் சொன்னேன். மொனராகலைச் சேனைகளிலிருந்து வரும் குரக்கன் மாவைச் சிலர் சர்வரோக நிவாரணியாக எண்ணி வேண்டியமட்டும் தின்றார்கள். குரக்கனும் தானியமே, அளவு அதற்கும் உண்டு.

இவையெல்லாம் எந்த ஊர் நோயாளிக்கும் பொருந்துவன. தோட்டத்துக்கென்றே உரிய பாடம் நேரத்தைப் பற்றியது. அதை நான் மலையிலேயே கற்றேன்.

காலை ஆகாரத்துக்கு முன் ஒன்று, இரவு ஆகாரத்துக்கு முன் ஒன்று என்று மாத்திரைச் சீட்டில் எழுதியிருக்கும். எழுதியவர் மனத்தில் காலை ஆகாரம் என்பது ஏழு மணிக்கு மேசையில் வைத்து உண்பது. தோட்டத்துப் பெண்ணோ நாலரை மணிக்கு எழுந்து, தண்ணீர் சுமந்து, சமைத்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணீரோடு அந்த மாத்திரையை விழுங்கி, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, மலையேறிக் கொழுந்தெடுக்கத் தொடங்குகிறாள். ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பது முதல் நிறுவைக்குப் பின், ஒன்பதரைக்கோ பத்துக்கோ. அக்காலத்தில் பெருவழக்காயிருந்த கிளிபென்கிளமைட் என்ற மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு: ஆகாரம் வந்ததா இல்லையா என்று பாராமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். செங்குத்தான மலையில் உழைக்கும் தசைகளும் தம் பங்குக்கு இரத்தத்துச் சீனியை இழுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் ஒன்பது மணியளவில் கை நடுக்கமும், குளிர்ந்த வியர்வையும், கண் இருளலும், காரணமில்லாத கோபமும், பேச்சுக் குழறலும் உண்டாகி, கடைசியில் அந்த அம்மாள் கூடையோடு தேயிலைச் செடிகளுக்கிடையில் சாய்ந்துவிடுவாள். மலையில் முனி அடித்துவிட்டது என்று சிலர் திருநீறு தேடுவார்கள். ஆண்பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால், காலையிலேயே கசிப்புக் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று கங்காணி அன்றைய கூலிக்குரிய பேரை வெட்டுவதும் உண்டு.

இந்த அவஸ்தைக்கு மருந்து, வருஷம் முழுவதும் நான் விலக்கச் சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சீனியேதான். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால்மணி நேரம் பார்த்து, தெளிவு வராவிட்டால் மீண்டும் அதே அளவு கொடுத்து, தெளிந்ததும் ரொட்டியைத் தின்னச் செய்யவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது, தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடிவர வேண்டும். இந்த மாத்திரை குடிப்பவர் ஒவ்வொருவரும் காகிதத்தில் மடித்த சீனியை முந்தானையிலோ சட்டைப் பையிலோ முடிந்து வைத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தேன். கங்காணிமாரைக் கூட்டி அடையாளங்களைச் சொல்லிக்கொடுத்தேன். "சீனி திங்காதேன்னும் சொல்றீங்க, சீனியைக் கட்டிக்கிட்டுப் போன்னும் சொல்றீங்க, என்னங்க ஐயா நியாயம் இது?" என்று அவர்கள் சிரித்தார்கள், பின்னர் அவர்களே பலரைக் காப்பாற்றினார்கள்.

மயங்கி விழுந்தபின் எழுப்புவதைவிட விழாதிருக்கச் செய்வதே சிகிச்சை. நோயாளியின் வேலை நேரத்தையும் முதல் ஆகார நேரத்தையும் துண்டில் எழுதிப் பதுளைக்கு அனுப்பத் தொடங்கினேன். அங்கிருந்த வைத்தியர்கள் விஷயத்தை உடனே கிரகித்து, மாத்திரையைக் காலை ஐந்து மணியிலிருந்து மலையில் ரொட்டி பிரிக்கும் வேளைக்கு மாற்றவும், முதியோருக்கு வேறு மருந்து தரவும் இசைந்தார்கள். அறுபதைத் தாண்டியோருக்குக் கிளிபென்கிளமைட் ஏற்றதன்று என்று உலக சுகாதார ஸ்தாபனமே பின்னர் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் குறித்தது.

மெட்போர்மின் என்ற மற்ற மாத்திரை தனியே குடித்தால் மயக்கம் தருவது அரிது; ஆனால் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். வீட்டில் இருப்பவருக்கு அது சிறு உபத்திரவம். மலசலகூடம் இல்லாத மலைச்சரிவில் நாள் முழுவதும் நிற்கும் பெண்ணுக்கோ அது மானப் பிரச்சினை. மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்க் குடிக்காமலே வைத்திருந்த பெண்கள் அநேகர். காரணத்தை என்னிடம் நேரே சொல்லக் கூசி, மருத்துவிச்சியிடம் சொன்னார்கள். இராத்திரி ஆகாரத்தோடு ஒரு மாத்திரை என்று சிறிய அளவில் தொடங்கி, வயிறு பழகியபின் கூட்டியபோது அந்தச் சங்கடம் பெரும்பாலும் தீர்ந்தது. நோயாளி அசிரத்தையாயிருக்கிறார் என்று ஏட்டில் எழுதுமுன், அவர் நிற்கும் இடத்தை ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

விரதங்களும் நேரத்தின் கணக்கிலேயே சேரும். கந்த சஷ்டியின் ஆறு நாட்களும், கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் நாட்களும், வெள்ளிக்கிழமை ஒருபொழுதும் எனக்குக் கவலை தரும் நாட்களாயிருந்தன. விரதத்தை விடச் சொல்லுவது பயனற்றது, அது என் உத்தியோகமும் அன்று. முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டால் மாத்திரையைக் குறைத்தோ நேரத்தை மாற்றியோ தருவேன். விரதத்தைப் போலவே கைமருந்தையும் எனக்குத் தெரிவிக்கவேண்டியிருந்தது. கொத்தலஹிம்புட்டு மரத்தில் கடைந்த குவளையில் இராமுழுவதும் தண்ணீர் வைத்துக் காலையில் குடிக்கும் வழக்கம் ஊவாவிலும் உண்டு. அந்த மரத்துச் சத்து, மாச்சத்துச் சீனியாக மாறுவதைக் குடலில் ஓரளவு தடுக்கிறது என்று ஆராய்ச்சியாளரும் சொல்லுகிறார்கள். நான் கேட்டுக்கொண்டது இவ்வளவே: குவளையை மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரையோடு சேர்ந்து அது சீனியை அளவுக்கு மிஞ்சி இறக்கிவிடக்கூடும்.

பாதங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம் செய்தவனாவேன். சீனி மிகுந்த இரத்தம் நாளடைவில் பாதத்து நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. வெறுங்காலோடு மலையில் நிற்பவருக்கு அட்டை கடித்த இடமும், கவ்வாத்து மிலாறு குத்திய இடமும், அடுப்பங்கரையில் தணல் பட்ட இடமும் வலிப்பதில்லை. வலிக்காத புண்ணைத் தேடி யாரும் மருந்தகத்துக்கு வருவதுமில்லை. பேரப்பிள்ளைகள் இராத்திரியில் பாட்டியின் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்று லயம் லயமாகச் சொல்லிவைத்தேன். பதுளையில் வெட்டியெடுக்கப்பட்ட விரல்களிலும் கால்களிலும் பல, முதல் வாரத்திலேயே ஒருவர் கண்ணில் பட்டிருந்தால் பிழைத்திருக்கும். மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்கு மாறியவர்களுக்கு, திறந்த மருந்துப் போத்தலை ஈரமணல் நிரப்பிய மண்பானையில் வைத்துக்கொள்ளக் கற்பித்தோம். மலைநாட்டுக் குளிர் அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கு உதவி செய்தது.

ஊவா மாகாணத்தின் மேட்டில் தேயிலை விளைகிறது. பள்ளத்தில், பெல்வத்தையிலும் செவனகலையிலும், கரும்பு ஆலைகள் சீனி செய்கின்றன. இரண்டும் லயத்துக் கோப்பையில் சந்திக்கின்றன. இப்போது அவற்றோடு லயத்துக் கடைகளில் தொங்கும் பிஸ்கட் பொட்டலங்களும் வர்ணப் போத்தல்களும் சேர்ந்துவிட்டன. 2016 ஆகஸ்ட் முதல் இந்நாட்டில் விற்கும் குளிர்பானப் போத்தல்களில், 100 மில்லிலீற்றருக்குச் சீனி 11 கிராமைத் தாண்டினால் சிவப்பும், 2 முதல் 11 வரை இருந்தால் மஞ்சளும், அதனினும் குறைந்தால் பச்சையும் அடையாளமாக இடவேண்டும் என்பது சட்டம். எழுத்தறியாத முதியவரும் வர்ணத்தை அறிவார். பெனடிக்ட் குழாயில் சிவப்பைக் கண்டு பயந்த தலைமுறையினர் போத்தலில் உள்ள சிவப்பையும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்கலாம்.

இந்த வியாதியை நாக்கின் குற்றமாகக் கருதி நோயாளியைக் கடிந்துகொள்ளுவோர் இன்னும் அநேகர். என் அனுபவம் வேறு விதமாய் இருக்கிறது: எப்போது எழுகிறார், எப்போது முதல் கவளம் உண்கிறார், எவ்வளவு உழைக்கிறார், அவர் நிற்கும் இடத்தில் என்ன வசதி இருக்கிறது என்பனவே ஒருவருடைய சீனியை ஆளுகின்றன, நாக்குக்கு அதில் சொற்பப் பங்கே உண்டு. ஆகையால் தோட்ட நிர்வாகத்தாருக்கு என் விண்ணப்பம், கிளினிக் நாளில் தொழிலாளியின் பேரை வெட்டாதீர்கள் என்பது. ஒரு நாள் சம்பளத்துக்குப் பயந்து மருந்தை விட்டவர்கள் பின்னர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கிறார்கள். குடும்பத்தாருக்கு என் விண்ணப்பம், நோயாளிக்கென்று தனிச் சட்டி வைக்காமல் வீட்டார் எல்லோரும் அதே ஆகாரத்தை உண்ணுங்கள் என்பது. சீட்டெழுதும் இளம் வைத்தியர்களுக்கோ, பெயரையும் வயதையும் கேட்டபின் மூன்றாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளும்படி சொல்லுவேன்: முதல் வாய் ஆகாரம் எத்தனை மணிக்கு? அதற்கு வரும் பதிலைக் கொண்டு மருந்தின் நேரத்தை நிர்ணயித்தால், மலையில் மயங்கி விழுவோர் தொகை நிச்சயமாகக் குறையும்.